அது மாலை இல்லை அக்கா, பனிக்குடம்

என் உயிருக்குப் பயந்து பயந்தே தன் காலத்தைக் கழித்த அஞ்சலை அக்காவுக்கு,

நீ முதலில் கேட்க நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாகவில்லை. வயிற்றில் நீளமாகத் தையல் போட்டிருக்கிறார்கள், மூன்று வேளையும் கஞ்சிதான், உன் தம்பி பொண்டாட்டி ராணி வாசற்படியைத் தாண்ட விடமாட்டேன் என்கிறாள். ஆனாலும் சாகவில்லை. கருவடிக்குப்பத்து வீட்டில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

குடல்வால் வெடித்துவிட்டது அக்கா. மில்லில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் டெம்போவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் ராணியிடம் சொன்னாராம். இது உன் காதில் விழுந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். டாக்டரைத் திட்டியிருக்க மாட்டாய், கேன்டீன் போண்டாவையும் திட்டியிருக்க மாட்டாய். உன் மகள் செல்வியைத்தான் திரும்பிப் பார்த்திருப்பாய்.

அந்தப் பார்வை இனி வேண்டாம் அக்கா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று ஆதியிலிருந்து சொல்லப்போகிறேன், நீயும் பொறுமையாகக் கேள். அன்றைக்கு நீ பிரசவ மயக்கத்தில் கிடந்தாய். உனக்குத் தெரிந்தது எல்லாம் உன் நாத்தனார் தனபாக்கியம் வந்து சொன்னதுதான்.

செல்வி பிறந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். எனக்குக் காலை ஷிப்டு. மில் சங்கு ஊதி வெளியே வந்தால் கேட்டில் வாட்ச்மேன், "கோவிந்து, உங்கக்காவுக்குப் பொண்ணு பொறந்திருக்காம்" என்று கத்தினார். அதற்கு மேலும் அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் நின்று கேட்டால்தானே? தாய்மாமன் ஆகிவிட்ட திமிரில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்துவிட்டேன்.

பிரசவ ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்து முன் வாசலைச் சாத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சமையல்கட்டுப் பக்கம் ஒரு பின் வாசல் உண்டு. அங்கே காய்கறி இறக்குகிறவர் நமக்குப் பழக்கம். அந்த வழியாக உள்ளே நுழைந்துவிட்டேன்.

முன் வாசலில் தனபாக்கியம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கையில் வெண்கலக் கிண்ணம், அதில் விளிம்பு வரைக்கும் நல்லெண்ணெய். குழந்தை மாலை போட்டுப் பிறந்திருக்கிறதாம். கொடி கழுத்தைச் சுற்றிப் பிறந்த பிள்ளையைத் தாய்மாமன் நேருக்கு நேர் பார்த்தால் மாமன் உயிருக்கு ஆகாது, முதலில் எண்ணெயில் முகம் பார்த்துவிட்டு அப்புறம்தான் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பது நம் சனங்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே. வாட்ச்மேன் சொல்ல வந்த மிச்ச சேதியும் அதுதான். நேராக உள்ளே போகாதே, முன் வாசலில் நில் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நான் பின் வாசல் வழியாக வராந்தாவில் ஏறினேன். எதிரே அந்த பிரெஞ்சுக்காரக் கன்னியாஸ்திரி வந்தார். எல்லோரும் மசேர், மசேர் என்று கூப்பிடுவோமே, அந்தச் சிவந்த முகத்து அம்மாதான். கையில் துணி மூட்டை. "அப்பா?" என்று என்னைக் கேட்டார். "மாமா" என்றேன். துணியை விலக்கிக் காட்டினார். "நே குவாஃபே! அதிர்ஷ்டம், ரொம்ப அதிர்ஷ்டம்" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். எனக்கு முதல் பாதி புரியவில்லை. அதிர்ஷ்டம் புரிந்தது. குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தது. நானும் ஆசை தீரப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தனபாக்கியம் வராந்தாத் திருப்பத்தில் வந்தாள். "அய்யய்யோ, பாத்துட்டானே!" என்று அவள் போட்ட சத்தத்தில் கிண்ணம் கைநழுவி விழுந்தது. என்ன ஆச்சோ ஏது ஆச்சோ என்று நான் அவளை நோக்கி ஓடினேன். தரையெல்லாம் எண்ணெய். வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. பிள்ளை பிறந்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை, தாய்மாமன் கையில் மாவுக்கட்டு.

இதற்கு மேல் உனக்கு என்ன சாட்சி வேண்டும்? நீ அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாய். பரிகாரத்துக்குக் கொண்டுவந்த எண்ணெயில்தான் நான் வழுக்கினேன், பிள்ளை பாவம் மசேர் கையில் சும்மா கிடந்தது என்று எத்தனை தரம் சொன்னேன். ஒரு தரமாவது காதில் வாங்கினாயா?

அப்புறம் எனக்கு வந்த தும்மல், இருமல் எல்லாம் செல்வியின் கணக்கில்தான். டைபாய்டில் படுத்தேன், செல்வி. மில்லில் விரல் நசுங்கியது, செல்வி. ஒரு தீபாவளிக்குச் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தேனே, அதற்கும் செல்விதான். நான் எங்கிருந்து வந்து விழுந்தேன் என்று ஊருக்கே தெரியும். சாராயக்கடையை விட்டுவிட்டு நீ பச்சைப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாய்.

காது குத்தினபோது என் மடியில் உட்கார வைக்கவில்லை. பெரியப்பா மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாய். நான் பந்தலுக்கு வெளியே மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை வீறிட்டு அழுதது கேட்டது. அவள் பெரியவளானபோது குடிசைக்குப் பச்சை ஓலை கட்டினதும் அவன்தான். சீர்த்தட்டை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டாய், அதையும் வாசலிலேயே நிறுத்தி வாங்கிக்கொண்டாய். உப்பளத்தில் உன் வீட்டுக்கு வந்தால், "நில்லு தம்பி, அவள உள்ள அனுப்பிட்டு வரேன்" என்பாய். நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளை உள்ளறையில் கிடக்கும். கதவிடுக்கில் கண் மட்டும் தெரியும்.

எனக்கு அது வலித்தது அக்கா. உன்னிடம் சொன்னதில்லை. தம்பி உயிர் மேல் நீ வைத்திருந்த ஆசையைப் போய் எப்படிக் குறை சொல்வது? நம்மைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், என்னைத் தூக்கி வளர்த்தவள் நீதான். ஒரே தம்பி. நீ பயந்தது எனக்குப் புரிந்தது. அந்தப் பயத்துக்கு அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்பதுதான் புரியவில்லை.

மஞ்சள்காமாலையில் நீ போகும்போதுகூட அதே பேச்சுத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ நல்லாரு. அவ மூஞ்சில முழிக்காம பாத்துக்கோ" என்றாய். செல்வி உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தலைமாட்டில் நின்றிருந்தாள். நீ கவனிக்கவில்லை. தம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். பெற்றவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை அந்தப் பெண்ணுக்கு அதுதான்.

நீ போன பிறகு அவள் நர்ஸ் படிப்பில் சேர்ந்தது உனக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரர்தான் பிடிவாதமாகச் சேர்த்துவிட்டார். துறைமுகத்தில் மூட்டை இறக்கின மனுஷன், மகள் வெள்ளை உடுப்பில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லையாம், அவ்வளவு சந்தோஷம். இப்போது இரண்டாம் வருஷம். நான் குடல்வால் வெடித்துப் போய்ப் படுத்ததும் அவள் படிக்கிற அதே ஆஸ்பத்திரியில்தான்.

ஆனால் என் வார்டுக்கு அவள் வரவில்லை. கூடப் படிக்கிற பெண்களிடம் என் நாடி, ஜுரம் எல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். ராணிக்கு இட்லி வாங்கி அனுப்புகிறாள். தான் மட்டும் வார்டுக்கு வெளியே தூணுக்குப் பின்னால் நிற்பாளாம். ராணி எழுந்து கூப்பிடப் போனால் மாயமாகிவிடுவாள்.

தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து எனக்கு ஜுரம் ஏறியது. அன்றைக்கு ராணி அவளைத் தூண் மறைவில் மடக்கிப் பிடித்திருக்கிறாள்.

"ஏண்டி, ஒரு எட்டு வந்து பாத்தா என்னா? உன்ன பாக்கணும்னு கெடக்கறாரு."

"நான் வந்தா மாமாவுக்கு ஆவாது அத்தே. நான் இந்த ஆஸ்பத்திரில சேந்த பின்னாடிதான அவருக்கு இப்புடி ஆச்சி. படிப்ப நிறுத்திட்டு கடலூர் பக்கம் எங்கனா வேலைக்குப் போயிடறேன். நான் ஊர விட்டுப் போயிட்டா அவரு பொழச்சிக்குவாரு."

ராணி வந்து இதைச் சொன்னபோது எனக்கு ஜுரத்தோடு சேர்த்து அழுகையும் வந்தது. மாரியம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்ட ராணி, இரண்டு வேண்டுதலாக வேண்டிக்கொண்டாளாம். எனக்கு ஜுரம் இறங்க வேண்டும், அந்தப் பெண் படிப்பை விடாமல் இருக்க வேண்டும். இரண்டாவது வேண்டுதலுக்கு ஆத்தாள் வழி விட்டது பிரசவ வார்டில்.

அந்த வாரம் செல்விக்கு அங்கேதான் வேலை. விலகல் கடிதம் எழுதக் காகிதம்கூட வாங்கி வைத்துவிட்டாளாம். அப்போது ஒருத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தையின் தலையிலிருந்து முகம் வரைக்கும் மெல்லிசாக ஒரு சவ்வு மூடியிருக்கிறது. அது கீழே இறங்கி, கழுத்தைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. சொல்லிக்கொடுக்கிற மேடம் பதறாமல் மூக்குப் பக்கம் அதைக் கிள்ளி விலக்கி, குழந்தை மூச்சு விட்டதும் பின்னாலிருந்து உரித்து எடுத்திருக்கிறார். குழந்தை கத்தியது.

"இது என்னான்னு யாருக்காவது தெரியுமா?" என்று மேடம் கேட்க, செல்வி வாய் குழறி, "மாலை மேடம்" என்றிருக்கிறாள். மற்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. "மாலைன்னு சொல்றது கொடி சுத்தினா. கொடி வேற, இது வேற. இது பனிக்குடத்தோட தோலு. வழக்கமா குடம் உடைஞ்சி தோலு பின்னாடி தங்கிடும். எப்பவாவது ஒரு குழந்தை அதையும் தலையில போட்டுக்கினு வந்துடும்" என்றிருக்கிறார். அப்புறம் சும்மா இல்லாமல், "முன்னாடி இங்க இருந்த பிரெஞ்சு மசேருங்க இதப் பாத்தா கொண்டாடுவாங்க. குல்லா போட்டுப் பொறந்த குழந்தை, அதிர்ஷ்டக் குழந்தைன்னு சொல்லுவாங்க" என்றும் சொல்லியிருக்கிறார்.

செல்விக்கு உடனே தன் கதை ஞாபகம் வந்ததாம். மசேர் சிரித்த கதையைத் தனபாக்கியம் அவளுக்கு எத்தனை தரம் நடித்துக் காட்டியிருப்பாள்! 'மாமனுக்கு எமனா பொறந்திருக்கற, அத பாத்து அந்த வெள்ளைக்காரம்மா அதிர்ஷ்டம்னு சிரிக்குது' என்று.

வேலை முடிந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் உப்பளத்துக்கு ஓடியிருக்கிறாள். தனபாக்கியம் இப்போது தெருமுனையில் வடைக்கடை போட்டிருக்கிறாள். சாயங்கால வியாபாரம், எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. அங்கே நடந்ததை இருவருமே தனித்தனியாக என்னிடம் சொல்லிவிட்டார்கள், அதனால் பொய் இருக்காது.

"அத்தே, நான் பொறந்தப்ப என் கழுத்துல கெடந்தது கயிறாட்டம் இருந்துச்சா, துணியாட்டம் இருந்துச்சா?"

"இன்னாடி இது, வியாபார நேரத்துல வந்து?"

"நீ சொல்லு அத்தே."

"பாலு மேல ஆடை கட்டுமே, அந்த மாதிரி. தலையில ஆரம்பிச்சி மூஞ்ச மூடிக்கினு, கழுத்துல வந்து சுருண்டு கெடந்துச்சி. அந்த மசேரு குல்லா கழட்டறாப்புல கழட்டுனாங்க."

"அப்ப கொடி எங்க இருந்துச்சி?"

"கொடி அதும்பாட்டுக்கு வயித்தாண்ட இருந்துச்சி. அறுக்கறப்ப நான் பக்கத்துலதான நின்னேன்."

"அப்பறம் எதுக்கு அத்தே மாலை போட்டுக்கினு பொறந்துச்சின்னு சொன்ன?"

சட்டியில் வடை கறுத்துக்கொண்டிருந்தது. தனபாக்கியம், "கழுத்துல எது சுத்தியிருந்தா இன்னாடி, சுத்தியிருந்துச்சில்ல?" என்றாளாம். செல்வி அங்கேயே, அடுப்புக்குப் பக்கத்தில், தெருவில் போகிறவர்கள் பார்க்க உட்கார்ந்து ஓவென்று அழுதிருக்கிறாள். தனபாக்கியம் கரண்டியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதிருக்கிறாள். அன்றைய வடை எல்லாம் கரி.

புரிகிறதா அக்கா? நம் சனங்கள் வைத்திருக்கிற அந்தக் கணக்கிலேயேகூட உன் மகள் மேல் குற்றம் கிடையாது. பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்த தோலைப் பார்த்துவிட்டு, அதைக் கொடி என்று எண்ணிக்கொண்டு, அந்த பயத்தில் எண்ணெய் வாங்க ஓடி, அந்த எண்ணெயைக் கொட்டி, அதில் நான் விழுந்து, அதை நீ நம்பி... எங்கே போய் முட்டிக்கொள்வது?

மறுநாள் நான்கு மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். ராணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். வார்டு வாசலில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண் நின்றாள். தூணுக்குப் பின்னால் இல்லை, வாசலுக்கு நடுவில். நேராக நடந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அன்றைக்கு முறிந்த அதே கை.

"மாமா, எனக்கு மாலை இல்ல மாமா. பனிக்குடம்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லப் புரிந்தது. வடை கருகின இடத்துக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் தையல் இழுக்கிறது, சிரிக்காமலும் இருக்க முடியவில்லை. வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு கண்ணில் நீர் வர நான் சிரிக்க, அவளும் சிரிக்க, பக்கத்துக் கட்டில்காரர் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். வந்த நர்ஸ் அவளைப் பார்த்து, "நீயே இப்புடி பேஷன்ட்ட சிரிக்க வெக்கலாமா?" என்று அதட்டினாள். என் மருமகள் திட்டு வாங்குவதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் தினமும் வந்தாள். ஒரு நாள் அந்தத் தோலுக்குப் புத்தகத்தில் என்ன பெயர் என்று கேட்டேன். இத்தனை வருஷம் எங்களைப் பிரித்து வைத்ததன் பெயரையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? குடத்துக்கு இரண்டு தோலாம். வெளித்தோலுக்கு ஒரு பெயர், உள்ளே பிள்ளையைத் தொட்டுக்கொண்டிருக்கிற மெல்லிசான தோலுக்கு ஒரு பெயர். அந்த உள்தோலுக்கு அம்னியான் என்று பெயராம். கிரேக்கர்கள் காலத்து வார்த்தை.

"அப்படின்னா இன்னா அர்த்தம்?" என்றேன்.

"நானும் மேடத்த கேட்டேன் மாமா. கிண்ணமாம். அந்தக் காலத்துல அவங்க சாமிக்கு ஆடு வெட்டுவாங்களாம். அந்த ரத்தத்தப் புடிக்கற சின்னக் கிண்ணத்துக்குப் பேரு அது. அதையே இந்தத் தோலுக்கும் வெச்சிட்டாங்களாம். சில பேரு, அது இல்ல, ஆட்டுக்குட்டின்ற வார்த்தையிலேந்து வந்துச்சின்னு சொல்றாங்களாம். எது சரின்னு யாருக்கும் தீர்மானமா தெரியாதாம்."

கிண்ணம் என்றதும் எனக்குத் தனபாக்கியத்தின் எண்ணெய்க் கிண்ணம்தான் ஞாபகம் வந்தது. எங்கேயோ கடலுக்கு அந்தப்பக்கம் யாரோ பார்த்துவிட்டுக் கிண்ணம் என்றிருக்கிறார்கள். நம் பொம்பளைகள் பார்த்துவிட்டுக் குடம் என்றிருக்கிறார்கள். இருவரும் பேசி வைத்துக்கொண்டா சொன்னார்கள்? உள்ளே இருக்கிறதைச் சிந்தாமல் வைத்துக் காப்பாற்றுகிற பாத்திரம் என்று இருவருக்குமே தோன்றியிருக்கிறது. மசேருக்குக் குல்லாவாகத் தெரிந்தது, அவர் சொன்ன 'நே குவாஃபே' அதுதானாம். அதுவும் தலையைக் காக்கிறதுதான். எல்லோரும் நல்ல பெயராகத்தான் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் மட்டும்தான் அதற்கு எமன் என்று பெயர்.

இன்னொன்றும் கேட்டேன். சரி, நிஜமாகவே கொடி சுற்றியிருந்தால்? உன் சார்பில் கேட்டேன் அக்கா, நீ இருந்தால் இதைத்தான் கேட்பாய். அவள் சிரித்தாள். "கொடி சுத்திக்கினு பொறக்கறது சாதாரணம் மாமா. வார்டுல அடிக்கடி பாக்கறோம். அதுக்கெல்லாம் மாமன் செத்துடுவான்னா பாண்டிச்சேரில ஒரு தாய்மாமன் மிஞ்சமாட்டான்" என்றாள். இப்படிப் பேசுகிற பெண்ணையா நீ உள்ளறையில் பூட்டி வைத்தாய்?

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இதை எழுதாமல் முடித்தால் பொய்க் கடிதம் ஆகிவிடும். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று உன் மகளை நீ அம்போ என்று விட்டுவிட்டாய். ஆனால் ஒன்று, நீ இப்போது இருந்திருந்தால் முதலில் அழுதிருப்பவள் நீதான். உன் நெஞ்சில் இருந்த அந்தக் கல்லும் இறங்கியிருக்கும். என் தம்பியும் பிழைத்தான், என் மகளும் பிழைத்தாள் என்று உப்பளம் முழுக்கக் கேசரி கிண்டிக் கொடுத்திருப்பாய். அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்பது ஒன்றுதான் எனக்கு இப்போது மிச்சமிருக்கிற வருத்தம்.

ஜுரம் இறங்கியது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செல்வி படிப்பை விடவில்லை. விலகல் கடிதத்துக்கு வாங்கின காகிதத்தைத்தான் எனக்குக் கொடுத்தாள். அதில்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வி வந்திருந்தாள். தெருவில் எல்லோரும் கோடி வீட்டுக் கலர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், தெருவே காலி. அப்போது தனபாக்கியம் டெம்போவிலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் ஒரு துணிப்பை. உள்ளே அந்த வெண்கலக் கிண்ணம். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, அன்றைக்கு விழுந்த நசுங்கல். இன்னொரு பாட்டிலில் நல்லெண்ணெய்.

"அத்தே, அதெல்லாம் தேவையே இல்லன்னு அன்னிக்கே சொன்னேன்ல?" என்றாள் செல்வி.

"தேவையில்லன்னா இருக்கட்டுமே. நான் கொட்டுனது, நானே ஊத்தறேன். உங்கம்மா அன்னிக்குப் பூரா மயக்கத்துலயும் கேட்டுக்கினே கெடந்தா, எண்ணெயில பாத்தானா, எண்ணெயில பாத்தானான்னு. ஒருக்கா பாத்துடட்டும். அவ ஆத்மா கேக்கறத நிறுத்தட்டும்."

செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கிண்ணத்தை என் முன்னால் ஸ்டூலில் வைத்து, தனபாக்கியம் எண்ணெயை ஊற்றினாள். மெதுவாக ஊற்றினாள், ஒரு சொட்டும் சிந்தவில்லை. நான் கால்களை இரண்டு பக்கமும் கெட்டியாக ஊன்றிக்கொண்டேன். சொல்ல முடியாது பார்.

செல்வி எதிரே குனிந்தாள். நான் தையலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தேன். எண்ணெய் ஆடி அடங்கியது. பழக்கப்பட்ட முகம்தான், மூக்கு உன்னுடையது. ஆனால் நான் பார்த்தது அதை மட்டும் இல்லை. எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாத ஒன்று, எண்ணெயில் பார்த்தால் பிள்ளை முகம் மட்டும் தெரியாது அக்கா, குனிந்து பார்க்கிற மாமன் முகமும் கூடவே தெரியும். நீ பக்கத்தில் பக்கத்தில் சேர விடாத இரண்டு முகமும் அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் ஒன்றாக இருந்தன.

"மாமா, ரெண்டு பேருக்கும் ஒரே காது" என்றாள் செல்வி. எனக்கு அவளுக்குக் காது குத்தின அன்றைக்குப் பந்தலுக்கு வெளியே கேட்ட அழுகை ஞாபகம் வந்தது.

எண்ணெயை வீணாக்கக் கூடாது என்று தனபாக்கியம் அதை அப்படியே என் தலையில் வைத்துத் தேய்த்துவிட்டாள். தையல் ஆறாமல் எண்ணெய்க் குளியலா என்று செல்வி அவளோடு சண்டைக்குப் போனாள். ராணி இருவரையும் அடக்கினாள். வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது.

நீ இனிமேல் கேட்க வேண்டாம். எண்ணெயில் பார்த்துவிட்டேன்.

ஒரு வாக்கு கொடுத்துவிட்டு முடிக்கிறேன். செல்விக்குக் கல்யாணம் நடக்கும்போது மாமன் இடத்தில் பெரியப்பா மகன் நிற்க மாட்டான். பந்தலுக்குள்ளே நான்தான் நிற்பேன், சீர்த்தட்டை நானே உள்ளே கொண்டுபோய் வைப்பேன். நாளைக்கு அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தால், அது கொடி சுற்றிக்கொண்டு வரட்டும், குல்லா போட்டுக்கொண்டு வரட்டும், குடத்தோடே வரட்டும், முன் வாசலைச் சாத்தியிருந்தால் பின் வாசல் வழியாகவாவது புகுந்து முதல் ஆளாக அதன் முகத்தைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடு இருக்கிற உன் தம்பி,
உன் மகளுக்குத் தாய்மாமன்,
கோவிந்தன்